ஆற்றிலே கரையாத மருந்து

பயனின்றிப் போன முயற்சியை 'ஆற்றிலே கரைத்த புளி' என்பது நம்மவர் வழக்கு. எத்தனை உருண்டை புளியைக் கரைத்துவிட்டாலும் ஆறு புளிப்பதில்லை. கரைத்தவருடைய கைதான் வெறுங்கையாகிறது. வைத்திய உலகிலும் இத்தகைய ஆறுகள் சில உண்டு. அவற்றுள் ஒன்று நம் ஒவ்வொருவர் வாயிலும் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு நாளில் மனிதனுடைய வாயில் அரை லீற்றர் முதல் ஒன்றரை லீற்றர் வரை உமிழ்நீர் ஊறுகிறது. பேசும்போதும் விழுங்கும்போதும் நாவானது கன்னங்களையும் ஈறுகளையும் ஓயாது துடைத்துக்கொண்டேயிருக்கிறது. வாய்ப்புண்ணின்மேல் தடவிய மருந்து சில நிமிடங்களுக்குள் கரைந்து, உமிழ்நீரோடு வயிற்றுக்குப் போய்ச் சேருகிறது. புண் வாயிலே, மருந்து வயிற்றிலே!

கண்ணின் நிலையும் இதுவே. கண்ணின் மேற்பரப்பை நனைத்திருக்கும் கண்ணீர் ஏறத்தாழ 7 மைக்ரோலீற்றர். இமைகளுக்குள் தங்கக்கூடிய நீரின் அளவே ஏறக்குறைய 30 மைக்ரோலீற்றர்தான். நாம் விடும் ஒரு சொட்டு மருந்தோ 30 முதல் 50 மைக்ரோலீற்றர் வரை இருக்கும். மிகுதி கன்னத்தில் வழிகிறது; தங்கியதும் கண்ணீரோடு மூக்கினுள் இறங்குகிறது. சொட்டிலிருந்த மருந்தில் நூற்றுக்கு ஐந்து பங்குகூடக் கண்ணின் உள்ளே செல்வதில்லை.

ஓடும் ஆற்றில் மருந்தைக் கரைய விடாமல் நிறுத்திவைப்பது எவ்வாறு? இந்த வினாவுக்கு விஞ்ஞானிகள் தேடிக் கண்ட விடைகளுள் ஒன்று, நாம் புளியைக் கரைக்கும்போது ஒதுக்கித் தள்ளும் பொருளிலேயே இருக்கிறது. புளியங்கொட்டையைத்தான் சொல்கிறோம்.

மலையும் வெளியும்

இந்தச் செய்தியை மாத்தளை மாவட்டத்தை முன்னிட்டு ஆராய்வது பொருத்தமாகும். ஏனெனில், மருந்தின் தேவையும் அதற்கு உதவக்கூடிய மூலப்பொருளும் அங்கே ஒரே மாவட்டத்தின் இரு புறங்களில் அமைந்திருக்கின்றன.

மாவட்டத்தின் தெற்கும் கிழக்கும் மலைப் பகுதிகள். இறத்தோட்டை, எல்கடுவை, உக்குவளை முதலிய இடங்களில் தேயிலையும் இறப்பரும் கொக்கோவும் மிளகும் சாதிக்காயும் செழித்து வளருகின்றன. வடக்கே நாவுலவைக் கடந்து கலேவெல, தம்புள்ளைப் பக்கம் சென்றால் மழை குறைந்த வரண்ட வலயம் வந்துவிடுகிறது. குளங்களும் வயல்களும் நிறைந்த அந்த வெளியிலே வெயிலுக்கு அஞ்சாத புளியமரங்களைக் காணலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் பல்லாயிரவர் மன்னார்க் கரையிலிருந்து காடுகளினூடே நடந்து, தம்புள்ளை வழியாகவே மாத்தளையை அடைந்தனர். 1880ஆம் ஆண்டில்தான் புகையிரதம் மாத்தளைக்கு வந்தது. அந்தத் தொழிலாளரின் வழித்தோன்றல்கள் இன்றும் அம்மலைத் தோட்டங்களில் வாழ்கின்றனர். குளிரையும் பசியையும் களைப்பையும் மறப்பதற்கு அவர்கள் துணையாகக் கொண்ட பொருள்களுள் வெற்றிலையும் ஒன்று. வெற்றிலை போடும் பழக்கம் அவர்களுக்கு மட்டும் உரியதன்று. சிங்கள மக்களிடையே வெற்றிலைக் கட்டு கொடுத்து வணங்குவது பெரியோருக்குச் செய்யும் மரியாதை. நம்மிடையே தாம்பூலம் மாற்றாமல் மங்கல காரியம் இல்லை. மாத்தளையில் ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கும் ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் பொறுப்பிலுள்ள பயிர்களுள் மிளகு, கராம்பு, கொக்கோ ஆகியவற்றோடு பாக்கும் வெற்றிலையும் இடம்பெற்றிருக்கின்றன.

எனினும், மங்கலப் பொருளாகத் தட்டில் இருக்கும் பாக்கு, நாள்தோறும் கன்னத்தில் அடக்கும் பாக்காக மாறும்போது வேறு முகம் காட்டுகிறது.

பாக்கு செய்யும் தீங்கு

பாக்கிலே அரிகோலின் என்னும் இரசாயனப் பொருள் உண்டு. சுண்ணாம்போடு சேரும்போது அது மாறுதலடைந்து, கன்னத்தின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மென்மையான சவ்வினுள் ஊறுகிறது. ஆண்டுக்கணக்கில் இவ்வாறு நேருமானால், சவ்வின் அடியிலே நார்ப்பொருள் அளவுக்கு மிஞ்சிப் படியத் தொடங்குகிறது. முதலில் காரமான உணவு பட்டால் எரிச்சல். பின்னர்க் கன்னம் வெளுத்து இறுகுகிறது. நாளடைவில் வாயைத் திறப்பதே கடினமாகிறது. நலமான வாயில் ஒருவர் தம் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி நுழைக்கலாம். இந்நோய் முற்றியவர்களுக்கு ஒரு விரல் நுழைவதும் அரிதாகலாம்.

இது வாயைப் பூட்டுவதோடு நிற்பதில்லை. கேரளத்து எறணாகுளம் மாவட்டத்தில் இந்நோயுடைய 66 பேரை 17 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1985ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று, அவர்களுள் ஐவருக்குப் புற்றுநோய் தோன்றியதைக் காட்டியது. புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1985இல் அறிவித்தது. புகையிலை இல்லாவிடினும் பாக்கு ஒன்றே போதும் என்ற முடிவுக்கு அதன் நிபுணர் குழு 2003இல் வந்தது. 'புகையிலையை விட்டுவிட்டேன், பாக்கு மட்டும்தான்' என்று ஆறுதல் கொள்வோர் இதனை மனங்கொள்ள வேண்டும். இலங்கை ஆண்களிடையே காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றுநோய் நெடுங்காலமாக முன்னணியில் நிற்கிறது என்பதும் நாம் அறிந்திருக்க வேண்டியதே.

1980களின் தொடக்கத்தில் இலங்கை வைத்தியர்கள் ஒரு நல்ல முயற்சி செய்தனர். ஆரம்ப சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி அளித்து, அவர்கள் மூலம் கிராம மக்களின் வாயைச் சோதித்து, புற்றுநோயின் முன்னோடி அடையாளங்களைக் கண்டறிய முடியுமா என்று பார்த்தனர். முடியும் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் 1984ஆம் ஆண்டில் வெளிவந்த கட்டுரை காட்டியது. ஆனால், மேற்கொண்டு சோதிப்பதற்காக அனுப்பப்பட்டோர் எல்லோரும் வைத்தியரிடம் சென்றார்களில்லை. நோயைக் கண்டுபிடிப்பது ஒரு பாதி. நோயாளி அடுத்த படியில் கால் வைப்பது மறு பாதி.

ஒரு நாளைக்கு ஐந்து முறை

இங்கேதான் நம் மருந்துக் கதை தொடங்குகிறது. வாயில் வரும் நோய்க்கு மருந்து கொடுப்பவர், நோயாளியின் நாள் எவ்வாறு கழிகிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். காலையில் மலையேறி, கொழுந்துக் கூடை சுமந்து, மாலை நிறுவைக்குப் பின் வீடு திரும்பும் ஒரு தாயிடம், 'இந்த மருந்தை ஒரு நாளைக்கு ஐந்து முறை தடவிக்கொள். ஒவ்வொரு முறையும் அரைமணி நேரம் எதையும் குடியாதே' என்று சொன்னால், அவள் தலையை அசைத்துவிட்டுப் போவாள். மருந்து சட்டைப்பையிலேயே இருக்கும்.

வாயில் வெண்படலம் படியும் பூஞ்சண நோயை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு வழங்கும் மருந்துகளுள் ஒன்றாகிய குளோட்ரிமசோல் வில்லையை ஒரு நாளைக்கு ஐந்து முறை வாயில் அடக்கிக் கரைக்க வேண்டும். அதே வகையைச் சேர்ந்த மைக்கோனசோல் என்னும் மருந்தை 50 மில்லிகிராம் அளவில், ஈரத்தில் ஒட்டக்கூடிய ஒரு சிறு வில்லையாகச் செய்தனர். காலையில் ஒரு முறை மேலீற்றில் வைத்து விரலால் சிறிது அழுத்தினால் போதும். அது அங்கேயே பற்றிக்கொண்டு மணிக்கணக்கில் மெல்ல மெல்ல மருந்தை விடுகிறது. அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டில் இதற்கு அனுமதி கிடைத்தது. ஐந்து முறை ஒரு முறையானது மருந்தின் வலிமை கூடியதால் அன்று. மருந்து நின்ற இடத்தில் நின்றதால்.

இந்தச் செயலுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. தம்புள்ளைக்கு அருகே கண்டலமைக் குளத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கரை உடைந்து நீர் முழுதும் ஒரே நாளில் பாய்ந்தால் பயிர் அழுகும்; மறுநாள் வயல் காயும். மதகைச் சிறிது திறந்து அளவோடு விட்டால் போகம் முழுவதும் பயிர் பிழைக்கும். மருந்தும் அவ்வாறே. ஒரே தடவையில் கரைந்தால் முதலில் மிகுதி, பின்னர் பற்றாக்குறை. நீரை உறிஞ்சி வீங்கிய பசையின் நுண்ணிய வலைக்குள் மருந்து அகப்பட்டிருந்தால், அது வழி தேடித் தேடி மெதுவாகவே வெளியேறும். பசை மருந்துக்கு மதகாக நிற்கிறது.

ஈரத்தில் ஒட்டுவது எளிதன்று

உலர்ந்த தாளில் பசை ஒட்டும். நனைந்த தாளில் வழுக்கும். வாயின் உட்புறமோ எப்போதும் நனைந்தே இருக்கிறது. கண், மூக்கு, வாய், குடல் ஆகியவற்றின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் தோலைச் சீதமென்சவ்வு என்பர். அதன்மேல் சீதம் என்னும் கொழகொழப்பான பொருள் மெல்லியதாகப் பரந்திருக்கிறது. சீதத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு வரை தண்ணீர்தான். எஞ்சியதில் முக்கியமானது மியூசின் என்னும் புரதம். நீண்ட கயிறு போன்ற புரதத்தின்மேல் சர்க்கரைக் கிளைகள் அடர்ந்து தொங்க, போத்தல் கழுவும் தூரிகையைப் போன்று அது தோற்றமளிக்கும்.

இத்தகைய ஈரச் சவ்வில் பற்றிக்கொள்ள வேண்டுமாயின், பசையும் நீண்ட கயிறு போன்ற மூலக்கூறுகளால் ஆனதாக இருக்க வேண்டும். ஒரே வகைச் சிறு துண்டுகள் ஆயிரக்கணக்கில் கோத்து உண்டாகும் இத்தகைய பெரிய மூலக்கூறுகளைப் பல்பகுதியம் என்று இரசாயன மாணவர்கள் படித்திருப்பார்கள். உலர்ந்த பல்பகுதியம் சவ்வைத் தொட்டதும் அங்குள்ள நீரை உறிஞ்சி வீங்குகிறது. அதன் கயிறுகள் சீதத்தின் கயிறுகளினூடே புகுந்து சிக்குகின்றன. பின்னர் இரண்டுக்கும் இடையே ஐதரசன் பிணைப்பு முதலிய சிறு சிறு பிடிப்புகள் உண்டாகின்றன. ஒவ்வொரு பிடியும் பலவீனமானது. ஆயிரம் சேரும்போது வலிமையாகிறது.

இதில் நீரின் அளவே சூட்சுமம். நீர் போதாவிட்டால் கயிறுகள் விரிந்து புகமாட்டா. நீர் மிஞ்சினால் பசை கூழாகி வழுக்கிவிடும். தபால் முத்திரையை நாவால் நனைத்து ஒட்டியவர்களும், வெண்டைக்காயைக் கழுவிய ஈரத்தோடு நறுக்கியவர்களும் இவ்விரண்டையும் அனுபவத்தில் அறிவார்கள்.

இத்துறையின் முதல் அடி 1947ஆம் ஆண்டிலேயே எடுத்து வைக்கப்பட்டது. பாரசீகப் பக்கத்துப் புதர்ச் செடியில் கிடைக்கும் டிராககாந்த் என்னும் பிசினைப் பொய்ப்பல் ஒட்டும் பொடியோடு கலந்து, பெனிசிலின் மருந்தை வாயின் சவ்வில் தங்கவைக்க அமெரிக்கப் பல் வைத்தியர்கள் முயன்றனர். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் நாகாய் என்னும் பேராசிரியரின் ஆராய்ச்சியிலிருந்து, வாய்ப்புண்மேல் ஒட்டும் ஈரடுக்கு மாத்திரை ஒன்று விற்பனைக்கு வந்தது. அதன் ஒட்டும் பக்கத்தில் பருத்தியின் பஞ்சுப்பொருளாகிய செலுலோசிலிருந்து செய்த பல்பகுதியமும், தொழிற்சாலையில் செயற்கையாகச் செய்த வேறொரு பல்பகுதியமும் கலந்திருந்தன. இன்று வாய்ப்புண்ணுக்கு வைத்தியர் எழுதித்தரும் ஒட்டுக்களிம்புகள் சிலவற்றில் கார்பொக்சிமெதில் செலுலோசு என்ற பெயரைக் காணலாம். அதுவும் பஞ்சுப்பொருளைக் காரத்திலும் ஒருவகை அமிலத்திலும் பக்குவப்படுத்திப் பெற்றதே.

முளைக்கு வைத்த கட்டுச்சோறு

இனிப் புளியங்கொட்டைக்கு வருவோம். ஒற்றையா இரட்டையா விளையாடுவதற்கும் பல்லாங்குழிக்கும் பொறுக்கிவைத்த கொட்டை. பஞ்ச காலத்தில் வறுத்து இடித்து உண்ட கொட்டை. அதன் கருந்தோல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. எஞ்சியது வெள்ளைப் பருப்பு. அப்பருப்பை மாவாக்கித் தண்ணீரில் காய்ச்சினால் நல்ல பசை கிடைக்கும் என்பது நம் முன்னோர் அறிந்ததே. தஞ்சாவூர் ஓவியர்கள் பலகையைப் பக்குவப்படுத்தப் புளியங்கொட்டைப் பசையைக் கையாண்டனர்.

1942ஆம் ஆண்டில் டி. பி. கோஷ், எஸ். கிருஷ்ணா என்னும் இரு இந்திய விஞ்ஞானிகள், தோல் நீக்கிய புளியம்பருப்பில் நூற்றுக்கு 46 முதல் 48 பங்கு வரை கூழாக உறையும் பொருள் இருப்பதாக அறிவித்தனர். அதன்பின் ஆலைகளில் நூலுக்குக் கஞ்சி போடுவதற்குப் புளியங்கொட்டை மா பெருமளவில் பயன்படலாயிற்று. ஜப்பானில் அதே பொருளைச் சுத்தம் செய்து உணவுப் பண்டங்களைக் கெட்டியாக்குவதற்குச் சேர்க்கின்றனர்.

அந்தப் பொருளின் பெயர் சைலோகுளுக்கன். முளைவிடும் கன்று தன் வேரில் நிற்கும்வரை உண்பதற்காகத் தாய்மரம் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு என்றே அதனைச் சொல்லலாம். அதன் அமைப்பு வியப்புக்குரியது. நடுத்தண்டு குளுக்கோசுத் துண்டுகளால் ஆனது. பருத்திப் பஞ்சின் தண்டும் அதே அமைப்புடையதுதான். ஆனால், பஞ்சு நீரில் கரைவதில்லை. அதன் தண்டுகள் ஒன்றோடொன்று நெருங்கி இறுகிக் கிடக்கின்றன. புளியங்கொட்டையின் தண்டிலோ சைலோசு, கலக்டோசு என்னும் சர்க்கரைகள் கிளைகளாக நீட்டிக்கொண்டிருக்கின்றன. கிளைகள் தண்டுகளை நெருங்கவிடாமல் விலக்குகின்றன. இடைவெளியில் தண்ணீர் புகுந்துகொள்கிறது. பஞ்சு துணியானதற்கும் புளியங்கொட்டை பசையானதற்கும் இந்தக் கிளைகளே காரணம்.

தண்டும் கிளையுமான இந்தத் தோற்றம் சீதத்திலுள்ள மியூசினை ஒத்திருக்கிறது. அதனால் ஈரச் சவ்வில் அது இயல்பாகவே நன்றாகப் படிந்து நிற்கிறது. கண் உலர்ந்து உறுத்துவோருக்குப் புளியங்கொட்டையின் இப்பொருளைக் கொண்டு செய்த சொட்டு மருந்து இத்தாலியில் விற்பனைக்கு வந்தது. ரசத்துக்குப் புளி கரைக்கும் நம் வீட்டார் எறியும் கொட்டை, எங்கோ ஒரு நாட்டில் ஒருவர் கண்ணுக்குக் குளிர்ச்சி தருகிறது!

இரசாயனம் செய்யும் திருத்தம்

இயற்கை தந்தது நன்று; ஆயினும் மருந்துக்கு அது முற்றும் போதாது. எனவே, இரசாயன விஞ்ஞானிகள் அதன் கயிற்றில் சிற்சில திருத்தங்கள் செய்கின்றனர்.

முதலாவது, பஞ்சுக்குச் செய்த அதே பக்குவம். காரத்தோடு ஒருவகை அமிலத்தைச் சேர்த்துக் கயிற்றின்மேல் கார்பொக்சிமெதில் என்னும் சிறு தொகுதிகளை ஏற்றுகிறார்கள். அதனால் குளிர்ந்த நீரிலும் பசை விரைவில் நனைகிறது. எளிதில் கெட்டுப்போவதும் குறைகிறது.

இரண்டாவது, சேர்ப்பதன்று, கழிப்பது. கலக்டோசுக் கிளைகளில் மூன்றிலொரு பங்குக்கு மேல் ஒரு நொதியத்தைக் கொண்டு வெட்டிவிடுகிறார்கள். கிளை குறைந்ததும் தண்டுகள் ஓரளவு நெருங்க வழி பிறக்கிறது. இந்தக் கரைசல் குளிர்ச்சியில் நீராக இருக்கும். உடலின் வெப்பம் பட்டதும் கூழாக உறையும். இந்தத் தன்மையை ஜப்பானிய விஞ்ஞானிகள் 1990களில் ஆராய்ந்து விளக்கினர். சொட்டாக விட்ட மருந்து கண்ணிலேயே உறைந்து நிற்கச் செய்யலாம் என்ற எண்ணம் இதிலிருந்து பிறந்தது.

மூன்றாவதே எல்லாவற்றிலும் சுவையானது. மியூசின் கயிற்றில் ஆங்காங்கே சிஸ்டீன் என்னும் அமினோ அமிலம் உண்டு. அதன் நுனியில் ஒரு கந்தக அணு. பசையின் கயிற்றிலும் கந்தகம் தாங்கிய தொகுதியை, அதாவது தயோல் தொகுதியை, ஏற்றிவிட்டால் என்ன நேரும்? இருபுறத்துக் கந்தக அணுக்களும் கைகோத்துக்கொள்ளும். இது முன் சொன்ன சிறு பிடிப்புகளைப் போன்றதன்று. உறுதியான இரசாயனப் பிணைப்பு. நம் தலைமயிரின் வலிமைக்குக் காரணமும் இந்தக் கந்தகக் கைகோப்பே. சிகையலங்கார நிலையங்களில் மயிரைச் சுருட்டுவதற்கு ஒரு மருந்தால் இப்பிணைப்பை அவிழ்த்து, வேண்டிய வடிவில் வளைத்தபின் மீண்டும் பூட்டுகிறார்கள்.

இவ்வாறு தயோல் ஏற்றிய பல்பகுதியங்களைப் பற்றிய முதல் அறிக்கையை ஆஸ்திரிய நாட்டு விஞ்ஞானி அந்திரேயாஸ் பெர்ன்கொப்-ஷ்நூர்க் என்பவரும் அவர் குழுவினரும் 1999இல் வெளியிட்டனர். இறால், நண்டு ஓடுகளிலிருந்து பெறும் கைட்டோசான் என்னும் பொருளுக்கு இம்முறையில் தயோல் ஏற்றிச் செய்த கண் சொட்டு மருந்து பின்னர் ஐரோப்பாவில் கடைக்கு வந்தது. புளியங்கொட்டைப் பொருளுக்கு இதனைச் செய்து பார்த்தவர்கள் நம் அயல்நாட்டவரே. அரியானா மாநிலத்து ஹிசார் நகரிலுள்ள குரு ஜம்பேஸ்வர் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், தயோகிளைக்கொலிக் அமிலத்தைக் கொண்டு புளியங்கொட்டைப் பல்பகுதியத்தில் தயோல் ஏற்றிய முறையையும், அது முன்னிலும் பன்மடங்கு வலிமையாகச் சவ்வில் பற்றியதையும் விவரித்தனர். மயிர் சுருட்டும் மருந்துக்கு உதவுவதும் அந்த அமிலத்தின் உறவுப்பொருளே.

புளியம்பழமும் ஓடும் போல

உறுதியாக ஒட்டினால் வெற்றி என்று எண்ணிவிடலாகாது. முற்றிய புளியம்பழம் ஓட்டினுள் இருந்தும் ஓட்டோடு ஒட்டாமல் இருப்பதைக் காட்டி, பற்றியும் பற்றாமலும் இருப்பதற்கு உவமை சொல்வர். மருந்துப் பசைக்கும் அந்தப் பக்குவம் வேண்டும். வேலை முடியும்வரை பற்றவேண்டும். முடிந்ததும் சவ்வைக் கிழிக்காமல் விடவேண்டும். விடுவதற்கு இயற்கையே வழி செய்திருக்கிறது. சீதம் ஓயாது புதிதாகச் சுரந்து பழையதைத் தள்ளிவிடுகிறது. இதுவே இத்துறையின் பெரிய இடையூறும் ஆகும். குடலில் சீதம் சில மணி நேரத்துக்குள் புதுப்பிக்கப்படுவதால், அதில் எவ்வளவு இறுகப் பற்றிய மருந்தும் சீதத்தோடு போய்விடும். வாயும் கண்ணும் மூக்கும் இம்முறைக்கு ஏற்ற இடங்களாகக் கருதப்படுவதற்கு, அவை கைக்கெட்டும் இடங்கள் என்பதும் ஒரு காரணம்.

வேறு தடைகளும் உண்டு. தயோல் தொகுதி காற்றுப் பட்டால் தன் இனத்தோடேயே பிணைந்து, சவ்வில் பற்றும் ஆற்றலை இழக்கும். ஆதலின் ஈரமும் காற்றும் புகாமல் அடைத்துவைக்க வேண்டும். மரத்துக்கு மரம், மண்ணுக்கு மண் கொட்டையின் தன்மை சிறிது வேறுபடும். மருந்துக்கோ ஒவ்வொரு முறையும் ஒரே தன்மை வேண்டும். ஆய்வுகூடத்தில் ஆட்டின் கன்னத்திலோ கோழியின் குடலிலோ பற்றிய பசை, மனிதனின் வாயில் தீங்கின்றி இருக்குமா என்று படிப்படியாகச் சோதிக்க வேண்டும். இலங்கையில் எந்த மருந்தும் விற்பனைக்கு வருமுன், 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதியைப் பெறவேண்டும். அது வீண் தடையன்று; நோயாளிக்குக் காவல்.

ஆகவே, இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டிலே புளியங்கொட்டையைக் காய்ச்சி வாய்ப்புண்ணில் தடவ முற்படவேண்டாம். அப்பசை இரண்டொரு நாளில் பூஞ்சணம் பிடிக்கும். அன்றியும், பசை மருந்தைத் தாங்குவதேயன்றித் தானே மருந்தாவதில்லை.

கன்னம் இறுகும் நோய்க்கு இன்று வைத்தியர் சிலருக்குக் கன்னத்தினுள்ளேயே ஊசி ஏற்றுகின்றனர். அது வலிமிக்கது, வாரக்கணக்கில் தொடரவேண்டியது. ஊசிக்குப் பதிலாக, கன்னத்தில் ஒட்டும் மெல்லிய படலத்தில் மருந்தை வைத்துக் கொடுக்கலாமா என்று இந்தியாவில் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. மஞ்சளிலுள்ள குர்குமினையும் அவ்வாறு கொடுத்துப் பார்த்திருக்கின்றனர். எரிச்சல் தணிவதும் வாய் சிறிது கூடுதலாகத் திறப்பதும் இத்தகைய சிகிச்சையின் நோக்கங்கள். ஆனால், ஒருமுறை படிந்த நாரை முற்றும் கரைத்து, பழைய கன்னத்தைத் திருப்பித் தரும் மருந்து இன்னும் தோன்றவில்லை. பாக்கை விடாமல் மருந்தை மட்டும் ஒட்டினால், அந்த மருந்தும் ஆற்றிலே கரைத்த புளியே.

நாம் செய்யக்கூடியவை

மாத்தளையின் வடக்கே புளியங்கொட்டை இருக்கிறது; தெற்கே அதனால் பயன்பெறக்கூடிய வாய்கள் இருக்கின்றன; இடையிலே சில மைல் தூரம். அந்தத் தூரத்தைக் கடக்கும் பாலம் இரசாயனமும் மருந்தியலும் கற்ற இளைஞர்களே. பேராதனைப் பல்கலைக்கழகமும் அதன் பல் வைத்திய பீடமும் அண்டை மாவட்டத்திலேயே இருக்கின்றன. பல்பகுதியம் என்பதைப் பரீட்சைக்காக மனனம் செய்யும் மாணவர்கள், தங்கள் சமையலறையில் எறியப்படும் கொட்டையும் அந்தப் பாடத்தின் ஒரு பக்கம் என்பதை எண்ணிப் பார்ப்பார்களாக. வெளிநாட்டிலிருந்து விலைகொடுத்து வாங்கும் பொருளுக்கு ஈடாக நம் மண்ணின் விளைபொருள் ஒன்றை நிலைநிறுத்துவது எளிதன்று, ஆனால், முயலத்தக்கது.

குடும்பத்தார் செய்யக்கூடியது இன்னும் எளியது. வீட்டில் வெற்றிலை போடும் பெரியவர் இருந்தால், மாதம் ஒருமுறை பகல் வெளிச்சத்தில் அவருடைய வாயைத் திறந்து பாருங்கள். கன்னத்திலோ நாவின் ஓரத்திலோ வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, தடிப்பு, இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண், காரம் பட்டால் எரிச்சல், முன்போல் திறக்க இயலாத வாய் ஆகியவற்றுள் எது தென்பட்டாலும், வலி இல்லையே என்று வாளாவிருக்காமல் பல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். தொடக்கத்தில் வலி இராது. அதுவே இந்நோயின் வஞ்சகம். ஒரு நாட் கூலி போகுமே என்று தயங்குபவரோடு வீட்டார் ஒருவர் துணையாகச் செல்வது, எழுதித்தரும் எந்த மருந்துக்கும் குறைந்ததன்று.

இளைஞர்களோ முதல் பாக்கையே வாயிலிடாதிருக்கக் கடவர். ஈரமான கன்னத்தில் மருந்தை நிறுத்திவைக்க உலகத்து விஞ்ஞானிகள் எத்தனை பாடுபடுகிறார்கள் என்று பார்த்தோம். பாக்குச் சாறோ எந்தப் பசையின் துணையும் இல்லாமல், மென்று அடக்குபவருடைய பழக்கத்தாலேயே, நாள் முழுவதும் அங்கே தங்கிவிடுகிறது.